வெப்பக் கடலோரத்தில் ஒரு நாள் கயாக் பயணம்: முழுமையான வழிகாட்டி

குளிர்ந்த கடலில் காலை வைத்ததுமே தண்ணீர் எச்சரித்துவிடும். வெப்பமான கடல் எச்சரிப்பதில்லை. காலை ஆறு மணிக்கு அசைவின்றிக் கிடக்கும், தண்ணீர் இதமாக இருக்கும், துடுப்பு லேசாகப் போகும். பதினொரு மணிக்கு அதே கடலில் எதிர்காற்று வீசும், வெயில் தலையில் இறங்கும், காலையில் ஏறிப்போன கழிமுகத்தில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும். இந்த மூன்றும் நீங்கள் களைத்துத் திரும்பும் நேரத்தில்தான் சேர்ந்து வருகின்றன. அதனால் பயணத்தைத் திரும்பி வரும் நேரத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த எண்ணத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது.

நீச்சல் தெரிந்தவர்களுக்கும், ஏரியிலோ காயலிலோ சில முறை கயாக் ஓட்டிப் பழகியவர்களுக்கும் இது. இலக்கு, கரையை ஒட்டி 10 முதல் 12 கி.மீ. வரையிலான ஒரு காலைப் பயணம்.

எந்தப் படகு

வெப்பக் கடலுக்கு, மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த வகை கயாக்கே முதல் தேர்வு. படகின் உடலில் நடுவே துளைகள் இருப்பதால் மேலே விழும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தால் உள்ளே மாட்டிக்கொள்ள வழியில்லை, மறுபடி ஏறுவதும் எளிது. உள்ளே காலை நீட்டி உட்காரும் நீளமான கடல் கயாக் வேகமானது, காற்றிலும் நேராகப் போகும். ஆனால் கவிழ்ந்தால் அதிலிருந்து வெளியேறவும், தண்ணீரை இறைக்கவும் தனிப் பயிற்சி தேவை. அந்தப் பயிற்சி இல்லாமல் அதை வாடகைக்கு எடுக்காதீர்கள்.

திறந்த வகையில் 4 மீட்டரை ஒட்டிய நீளம் பாருங்கள். கடற்கரைகளில் விளையாட வாடகைக்குக் கிடைக்கும் 3 மீட்டருக்கும் குறைந்த குட்டைப் படகுகள் ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் இடமும் வலமும் ஆடும். பத்து கி.மீ. தூரத்தில் அந்த ஆட்டத்தைத் திருத்துவதிலேயே தோள் ஓய்ந்துபோகும். படகு அகலமாக இருந்தால் துடுப்பு 230 முதல் 240 செ.மீ. இருக்கட்டும். குட்டையான துடுப்பு பக்கவாட்டில் இடித்துக்கொண்டே இருக்கும்.

லைஃப் ஜாக்கெட்டில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. துடுப்புப் படகுக்கென்று கை அசைய இடம் விட்டுத் தைத்தது வேண்டும். மிதப்பு விசை குறைந்தது 50 நியூட்டன் என்று உள்பக்கத்தில் அச்சிட்டிருக்கும். அணிந்து எல்லா வார்களையும் இறுக்கியபின், இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். ஜாக்கெட் முகவாயைத் தாண்டி ஏறினால் அளவு தவறு, அல்லது வார் தளர்வு. புழுக்கமாக இருக்கிறது என்று அதைக் கழற்றிப் படகில் கட்டிவைப்பவர்கள் உண்டு. கவிழ்ந்தபின் தண்ணீருக்குள் அதை அணிந்துகொள்வது எவ்வளவு கடினம் என்பதை இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு முறை முயன்றாலே புரியும்.

காற்றும் ஓதமும்: நேரத்தைத் தீர்மானிப்பவை

வெயில் ஏற ஏறக் கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று கரை நோக்கி வருகிறது. இந்தக் கடற்காற்று பெரும்பாலான வெப்பக் கரைகளில் முற்பகலின் பின்பாதியில் தொடங்கி, பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் உச்சத்தை எட்டும். இரவில் இது தலைகீழாகி, விடியற்காலையில் நிலத்திலிருந்து கடல் நோக்கி மெல்லிய நிலக்காற்று வீசும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். ஒன்று, விடிந்ததும் கிளம்பி, பதினொரு மணிக்கு முன் படகு கரையில் இருக்க வேண்டும். இரண்டாவதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. நிலக்காற்று பலமாக இருக்கும் காலையில் கரையோரம் கண்ணாடிபோல அமைதியாகத் தெரியும், ஏனென்றால் காற்று அலையை எழுப்ப அங்கே தூரம் போதாது. அரை கி.மீ. உள்ளே போனதும் கடல் கொந்தளிக்கும், படகு தானாகவே வெளியே நகரும், திரும்பும் திசை எதிர்காற்றாக இருக்கும். கரைக்கு முதுகு காட்டி நின்று பாருங்கள். காற்று முதுகில் நன்றாகத் தட்டினால் அன்று கடலுக்கு வேண்டாம், காயலுக்குள் போய்க்கொள்ளலாம்.

முன்னறிவிப்பில் காற்றின் சராசரியைவிடத் திடீர் வீச்சின் வேகத்தைப் பாருங்கள். கடல் மைல் கணக்கில் கொடுத்திருந்தால், ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. புதியவர்கள் உள்ள குழுவுக்கு மணிக்கு 15 கி.மீ. என்பதே என் வரம்பு. அதற்கு மேல் ஆங்காங்கே அலைத்தலை வெண்மையாக உடையத் தொடங்கும். கையில் எந்தக் கருவியும் இல்லாதபோது அந்த வெள்ளைத்தலைதான் அளவுகோல். நல்ல வேகத்தில் துடுப்பு போடுபவர் மணிக்கு 5 கி.மீ. போவார். 20 கி.மீ. எதிர்காற்றில் அது பாதியாகக்கூடும்.

அடுத்தது ஓதம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறுவதும் வற்றுவதும். பல கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகிறது, ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. சில கரைகளில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான் வரும். உள்ளூர் ஓத அட்டவணையைப் பார்க்காமல் ஊகிக்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓத வேறுபாடு அதிகம், நீரோட்டமும் வேகம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் குறைவு. முதல் பயணத்துக்கு அஷ்டமி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறு மணி நேரத்தில் தண்ணீர் சீராக வடிவதில்லை. மொத்த வேறுபாட்டைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று நகரும். வேறுபாடு 2.4 மீட்டர் என்றால் முதல் மணி நேரத்தில் 20 செ.மீ., அடுத்ததில் 40, மூன்றாவதிலும் நான்காவதிலும் 60, பிறகு 40, கடைசியில் 20. நடு இரண்டு மணி நேரத்தில்தான் ஓட்டம் உச்சம். ஆற்று முகத்தையோ இரண்டு தீவுகளுக்கு நடுவிலான இடுக்கையோ அந்த நேரத்தில் கடக்கக் கூடாது.

மூன்றாவது, தொலைவில் எங்கோ அடித்த புயலிலிருந்து உருண்டு வரும் நெடிய அலை. வானம் தெளிவாக, காற்றே இல்லாத நாளிலும் இது வரும். கரையில் நின்று பத்து அலைகளின் நேரத்தை எடுத்துச் சராசரி பாருங்கள். இரண்டு அலைகளுக்கு நடுவே 12 நொடிக்கு மேல் இருந்தால், வெளியே உயரம் குறைவாகத் தெரிந்தாலும் கரையில் அது ஓங்கி உடையும்.

பாதையை வகுத்தல்

கிடைக்கும் நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு எதற்கும் ஒதுக்காமல். காலை 6.15 முதல் 10.45 வரை நாலரை மணி நேரம் இருந்தால், 7.45க்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே திரும்ப வேண்டும். குறித்த தீவு இன்னும் ஒரு கி.மீ.தான் என்றாலும் திரும்ப வேண்டும். தூரத்தை வைத்துத் திரும்புபவர்கள் தாமதமாகிறார்கள். கடிகாரத்தை வைத்துத் திரும்புங்கள்.

கரையிலிருந்து 200 முதல் 500 மீட்டருக்குள், அலை உடையும் கோட்டுக்கு வெளியே, கரைக்கு இணையாகப் போகும் பாதையே நல்லது. வரைபடத்தில் ஒவ்வொரு இரண்டு கி.மீ.க்கும் படகை இறக்கக்கூடிய ஒரு மணல்கரையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாறைக்கரை நாலு கி.மீ. தொடர்ந்தால் அந்தப் பாதையை மாற்றுங்கள். கயாக்கில் உட்கார்ந்தவரின் கண் தண்ணீரிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அடிவானம் அவருக்கு 3 கி.மீ.தான். தாழ்ந்த மணல்திட்டும் அதிலுள்ள இறங்குதுறையும் அருகே போகும்வரை தெரியாது. எனவே அடையாளமாகக் கோபுரம், கலங்கரை விளக்கம், தனிக்குன்று போன்ற உயரமானவற்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டம் இழுக்கிறதா என்பதை அறிய, முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களைப் பிடியுங்கள்: கரையோர மரம், அதன் பின்னே ஒரு கோபுரம். இரண்டும் விலகத் தொடங்கினால் நீங்கள் பக்கவாட்டில் நகர்கிறீர்கள். கடக்க வேண்டிய இடுக்கு ஒரு கி.மீ. அகலம், நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ., உங்கள் வேகம் 5 என்றால், படகின் முனையை ஓட்டத்தை எதிர்த்துச் சுமார் 24 டிகிரி திருப்பி வைத்து ஓட்டினால் நேர் எதிர்க்கரையை 13 நிமிடத்தில் அடைவீர்கள். முனையை இலக்கை நோக்கியே வைத்தால் படகு வளைந்து வளைந்து கீழே இறங்கும், கடைசிப் பகுதி முழுக்க எதிர்நீச்சலாகும்.

கடல் பூங்கா, துறைமுக எல்லை, கடற்படைப் பகுதி இவற்றுக்கு அனுமதி தேவையா என்று முன்னதாக விசாரியுங்கள். கப்பல் வாய்க்காலைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் குழுவாக நெருங்கி, செங்குத்தாக, வேகமாகக் கடக்க வேண்டும். கப்பலின் மேல்தளத்திலிருந்து கயாக் கண்ணில் படும் என்று நம்பாதீர்கள்.

எடுத்துச் செல்பவை

தண்ணீர் ஆளுக்கு மணிக்கு முக்கால் லிட்டர். நாலரை மணி நேரத்துக்கு மூன்றரை லிட்டர், அதற்கு மேல் தொடாத ஒரு லிட்டர். ஒரே பெரிய கேனில் வேண்டாம். அது கைதவறினால் எல்லாம் போயிற்று. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, தலைவலியும் குமட்டலும் வரும். மூன்றில் ஒரு பங்கையாவது உப்பு-சர்க்கரைக் கரைசலாக எடுத்துச் செல்லுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டிப் போடுவது ஆபத்து.

மற்றவை: ஜாக்கெட்டில் கட்டிய விசில், துடுப்பைப் படகோடு பிணைக்கும் வார், குழுவுக்கு ஒரு மாற்றுத் துடுப்பு, 15 மீட்டர் மிதக்கும் இழுகயிறு, கத்தி, தண்ணீரை ஒற்றியெடுக்கும் பஞ்சு, நீர்புகா விளக்கு, முதலுதவிப் பை, அடி தடித்த நீர்க்காலணி. செருப்பு ஆகாது. கடல்சார் மோதல் தடுப்பு விதிகளின்படி துடுப்புப் படகில் வெள்ளை ஒளி விளக்கு கைவசம் இருக்க வேண்டும். பகல் பயணம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கைபேசியை நீர்புகா உறையில் போட்டு உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். படகில் கட்டினால் படகோடு போய்விடும். ஈரவிரலுக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது என்பதால் கரையிலேயே உறையோடு அழைத்துப் பழகுங்கள். கடல்சார் வி.எச்.எஃப். வானொலி (படகுகளும் கரையும் பேசிக்கொள்ளும் கருவி) இருந்தால் அவசர அழைப்புக்கு 16ஆம் அலைவரிசை. தண்ணீர் மட்டத்திலிருந்து பேசும்போது கையடக்கக் கருவியின் எட்டம் சில கி.மீ.தான்.

கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: எத்தனை பேர், படகின் நிறம், பாதை, இறங்குமிடங்கள், எத்தனை மணிக்குத் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும். கடைசியில் உள்ளதுதான் முக்கியம். அது இல்லாவிட்டால் அவர் தயங்கித் தயங்கிப் பொழுதைக் கழிப்பார்.

தண்ணீரில் இறக்கும் முன்

பின்பக்க வடிகால் மூடி திருகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். திறந்த கயாக் மெல்ல மூழ்கும் கதைகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. படகின் உடலுக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. படகு மந்தமாகும், சாய்ந்தால் நிமிரத் தயங்கும். இடையில் கரையேறும்போதெல்லாம் ஒரு முனையைத் தூக்கிக் காதைக் கொடுங்கள். உள்ளே தளும்பும் ஓசை கேட்டால் மூடியைத் திறந்து வடித்து, விரிசலைத் தேடுங்கள். இருக்கை அடியிலும் வடிகால் துளைகளின் விளிம்பிலும்தான் பெரும்பாலும் கீறல் இருக்கும்.

அலையைத் தாண்டுதல்

முழங்கால் உயரத்துக்கு மேல் உடையும் அலை புதியவருக்கு வேண்டாம். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அலைகள் கூட்டமாக வந்து பெரிதாகி, பிறகு அடங்கும். பெரிய கூட்டம் உடைந்து முடிந்ததும்தான் கிளம்பும் நேரம். முனை அலைக்கு நேர் செங்குத்தாக இருக்கட்டும். முழங்காலளவுத் தண்ணீரில் ஏறி, உடனே துடுப்பு போடுங்கள். உடையும் அலை மோதும்போது முன்னே சாய்ந்து, துடுப்பின் தட்டையான அலகைத் தண்ணீரில் ஊன்றி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பயந்து துடுப்பை நிறுத்துபவரின் படகைத்தான் அலை குறுக்காகத் திருப்புகிறது.

கரைக்கும் படகுக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். தண்ணீர் நிறைந்த படகு நூற்றுக்கணக்கான கிலோ எடையோடு வந்து முழங்காலில் மோதும்.

துடுப்பு போடும் முறை

கையால் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் ஓய்வீர்கள். இடுப்பை முறுக்கி, பாதத்தருகே அலகை இறக்கி, முதுகின் வலுவில் இழுத்து, இடுப்பைத் தாண்டும் முன் தூக்கிவிடுங்கள். பிடி தளர்வாக இருக்கட்டும். உள்ளங்கைக் கொப்புளம் வருவது இறுக்கிப் பிடிப்பதால்தான், உப்பும் ஈரமும் அதைச் சீக்கிரம் உடைத்துவிடும்.

கவிழ்ந்தால்

இதைக் கரையோரத்தில், இடுப்பளவுக்கு மேற்பட்ட தண்ணீரில், கிளம்பும் நாளுக்கு முன்பே பழக வேண்டும். படித்தால் மட்டும் வராது.

1. முதலில் படகைப் பிடியுங்கள், பிறகு துடுப்பை. காலிப் படகைக் காற்று தள்ளும் வேகத்தில் உங்களால் நீந்த முடியாது.
2. அலை வரும் பக்கத்தில் இருங்கள். மறுபக்கம் நின்றால் படகு உங்கள் முகத்தில் மோதும்.
3. படகின் நடுவே போய், அடிப்பாகத்தின் மேலாகக் கையை நீட்டி எதிர் விளிம்பைப் பிடித்து, அருகிலுள்ள விளிம்பில் முழங்காலை ஊன்றிப் பின்னால் சாயுங்கள். படகு நிமிரும். கை எட்டாதவர்கள் ஒரு சிறு வாரை எதிர் விளிம்பில் முன்பே கட்டிவைக்கலாம்.
4. இருக்கையருகே இரு கையையும் வைத்து, காலை உதைத்து உடலை நீர்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே ஏற முயலாமல், படகை வயிற்றுக்கடியில் இழுங்கள். கால் படகுக்கடியில் போனால் மறுபடி உங்கள் மேலேயே கவிழும்.
5. வயிறு படகின் குறுக்கே வந்ததும் புரண்டு இருக்கையில் இடுப்பை வையுங்கள். கால்கள் கடைசியில்.

மூன்று முறை முயன்றும் முடியாவிட்டால் தனியாக முயல்வதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முயற்சியும் வலுவைப் பாதியாக்கும். இன்னொருவர் தன் படகை இணையாக ஒட்டி, உங்கள் படகின்மேல் சாய்ந்து அழுத்திப் பிடித்தால் ஏறுவது மிக எளிது. மூன்று பேருக்குக் குறைவாகப் போகக் கூடாது என்பதும், விசில் கேட்கும் தூரத்தைவிட்டுப் பிரியக் கூடாது என்பதும் இதற்காகத்தான். ஒரு ஊதல் என்றால் கவனி, மூன்று என்றால் உதவி.

வெயில்

கடலில் காற்றும் தெறிக்கும் நீரும் வியர்வையை மறைப்பதால் உடல் சூடாவது தெரியாது. முழுக்கைச் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி அணியுங்கள். அரை மணிக்கொரு முறை இரண்டையும் நனையுங்கள். துணி மூடாத முகம், கழுத்து, புறங்கை, பாதத்தின் மேற்புறம் ஆகிய இடங்களில் எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30க்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் களிம்பைக் கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்பே தாராளமாகப் பூசி, இரண்டு மணிக்கொரு முறை மீண்டும் பூசுங்கள். தண்ணீரிலிருந்து பிரதிபலிக்கும் ஒளி முகவாய்க்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் சுடும். பவளப்பாறை உள்ள கடலில் துத்தநாக ஆக்சைடு களிம்பே சரி. பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது.

ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, பின்தங்கி, தலைவலி என்றால் உடனே கரையேறி நிழலில் உட்காரவைத்துக் கரைசல் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ அது வெப்ப வாதம். உடல் வெப்பம் 40 டிகிரியை எட்டியிருக்கும். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். கரையோரத் தண்ணீரில் தலையைத் தாங்கிக் கழுத்துவரை அமிழ்த்துங்கள், அதே நேரத்தில் இன்னொருவர் ஆம்புலன்சை அழைக்கட்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்காதீர்கள்.

கழிமுகமும் அலையாத்திக் காடும்

அலையாத்தி ஓடைக்குள் ஏற்றத்தோடு நுழைந்து, உச்சத்தில் சுற்றிப் பார்த்து, வற்றம் தொடங்கியதும் வெளியேறுங்கள். தாமதித்தால் இடுப்பளவுச் சேற்றில் அடுத்த ஏற்றம் வரை உட்கார வேண்டும். இறங்கி நடக்க முயல்வது இன்னும் மோசம். கழிமுக மணல்திட்டின் மேல், வடியும் நீரும் உள்ளே வரும் அலையும் மோதும்போது அலை செங்குத்தாக எழுந்து உடையும். ஏற்ற நேரத்தில் அமைதியாகக் கடந்த அதே இடம்தான் அது. உவர்நீர் முதலை வாழும் கரைகளில் ஓடைகளுக்குள் கயாக்கில் போகவே வேண்டாம்.

ஆழம் குறைந்த மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போகும். முள் குத்தினால், தாங்கக்கூடிய அளவு சூடான, சுமார் 45 டிகிரி நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்தால் வலி குறையும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ குத்திய முள்ளைப் பிடுங்காதீர்கள். பெட்டி ஜெல்லிமீன் உள்ள கடல்களில் வினிகர் எடுத்துச் சென்று, பட்ட இடத்தில் அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றுங்கள். நீலக் குமிழோடு மிதக்கும் வகை சுட்டால், கடல்நீரால் கழுவி இழைகளை எடுத்துவிட்டு 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம். இரண்டுக்கும் நல்ல தண்ணீர், மணலால் தேய்ப்பது, சிறுநீர் மூன்றும் ஆகாது. பவளக் கீறலைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, உள்ளே தங்கிய துணுக்கை எடுங்கள். அலட்சியமாக விட்டால் சீழ் கட்டும்.

இடி

முழக்கம் கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். தட்டையான கடலில் உயரமான பொருள் நீங்களும் உங்கள் துடுப்பும்தான். அருகிலுள்ள கரையில் இறங்கி, தனிமரத்தை விட்டு விலகி, கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விடுங்கள். கடைசி முழக்கத்துக்கு 30 நிமிடம் கழித்தே மறுபடி தண்ணீர்.

கரையேறுதலும் அதன் பின்னும்

அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று, கூட்டம் அடங்கக் காத்திருந்து, ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். உடைந்து முடிந்த அலையின் முதுகைத் தொடர்ந்து போக வேண்டும், அதன் முகத்தில் சறுக்கக் கூடாது. படகு குறுக்காகிவிட்டால் அலையின் பக்கமாகச் சாய்ந்து, துடுப்பை நுரையின் மேல் அழுத்துங்கள். கரைப்பக்கம் சாய்ந்தால் உடனே கவிழும். முழங்கை உடலோடு ஒட்டியிருக்கட்டும், கையை உயரத் தூக்கினால் தோள் மூட்டு விலகிவிடும்.

கரையில் சொல்லிவைத்தவருக்கு முதல் வேலையாகத் தகவல் கொடுங்கள், இல்லாவிட்டால் தேடுதல் தொடங்கிவிடும். பிறகு படகு, துடுப்பு இணைப்பு, ஜாக்கெட் ஜிப் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிளாஸ்டிக் படகை இறுக்கிக் கட்டியபடி வெயிலில் நிறுத்தினால் வார் பதிந்த இடத்தில் குழி விழும், எனவே வாரைத் தளர்த்தி நிழலில் வையுங்கள். வடிகால் மூடியைத் திறந்து, உள்ளே காய்ந்தபின் மறக்காமல் மூடிவிடுங்கள். ஜாக்கெட்டை நிழலில் காயவையுங்கள். நேர்வெயில் பட்டுப் பட்டு அதன் துணியும் தையலும் சீக்கிரம் நைந்துபோகும்.